கியர்பொக்ஸை மாற்றுமுன் அதன் சூட்டை அளந்து பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

கனடாவின் ஸ்காபரோவில் இருபத்தாறு ஆண்டுகளாக வாகனங்கள் திருத்தும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். எனது வேலையில் பெரும்பகுதி தானியங்கிக் கியர்பொக்ஸ்களோடுதான். மே மாதம் விக்டோரியா தின விடுமுறையில் தொடங்கி செப்டெம்பரில் தொழிலாளர் தினம் முடியும்வரை, ஒவ்வொரு நீண்ட வார இறுதிக்கும் அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் கராஜ் வாசலில் ஒரே முறைப்பாட்டோடு இரண்டு மூன்று பிக்கப் ட்ரக்குகளாவது வந்து நிற்கும். ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு போகையில் கியர்பொக்ஸ் சூடாகிவிட்டது என்று எச்சரிக்கை விளக்கு எரிந்தது, சற்று நேரத்தில் வண்டி இழுக்க மறுத்துவிட்டது என்பதுதான் அந்த முறைப்பாடு. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் நம்மவர்களிடையே ட்ரெயிலர் இழுப்பவர்கள் மிகக் குறைவு. இப்போது சிம்கோ ஏரிக்குப் படகு கொண்டுபோகிறவர்களும், அல்கொன்குவின் பூங்காவுக்குத் தங்கும் வண்டியை இழுத்துச் செல்லும் குடும்பங்களும், புல்வெட்டும் தொழில் செய்பவர்களும், கொண்டாட்டங்களுக்கு உணவு ட்ரெயிலரோடு போகிறவர்களுமாக அத்தொகை பெருகியிருக்கிறது. ஆனால் அந்த வேலை ட்ரக்கின் கியர்பொக்ஸை என்ன பாடு படுத்துகிறது என்பது பற்றிய அறிவு அதே அளவுக்குப் பெருகவில்லை என்பது என் கவலை.

அதைவிடப் பெரிய கவலை என் தொழிலைச் சார்ந்தது. விளக்கு எரிந்த வண்டியோடு எந்தக் கராஜுக்குப் போனாலும், பல வேளைகளில் அரை மணி நேரத்துக்குள், கியர்பொக்ஸ் போய்விட்டது, பிரித்துக் கட்டவேண்டும் அல்லது மாற்றவேண்டும் என்ற தீர்ப்பு கிடைத்துவிடுகிறது. என்னிடம் இரண்டாம் அபிப்பிராயம் கேட்டு வந்த வண்டிகள் பலவற்றில் கியர்பொக்ஸ் அடி வாங்கியதாக இருந்ததேயன்றி அடித்ததாக இருக்கவில்லை. சூடு எங்கே பிறந்தது, பிறந்த சூடு ஏன் வெளியேறவில்லை என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை காணாமல் புதிய கியர்பொக்ஸ் போட்டால், அடுத்த கோடையில் அதுவும் அப்படியே வேகும்.

சென்ற ஜூலையில் வந்த ஒரு வண்டியை உதாரணமாகச் சொல்கிறேன். உரிமையாளர் கொத்துரொட்டி, தோசை போன்றவற்றை நின்ற இடத்திலேயே சமைத்துப் பரிமாறும் ட்ரெயிலர் ஒன்றை வைத்திருப்பவர். ஒன்ராறியோவின் லண்டன் நகரில் ஒரு திருமண வரவேற்புக்காகப் போகும் வழியில், ஹமில்ரனைக் கடந்து 403ஆம் நெடுஞ்சாலை ஆங்காஸ்ரர் நோக்கி மலைவிளிம்பில் ஏறுகிற இடத்தில் விளக்கு எரிந்திருக்கிறது. அப்படியே ஏறி முடித்துவிடலாம் என்று மிதித்திருக்கிறார். உச்சியை அடையுமுன் எஞ்சின் உறுமியதே தவிர வேகம் கூடவில்லை. வண்டியை வேறொரு வண்டி வந்து இழுத்துப்போன கராஜில் 6,500 டொலர் என்று விலை சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கடதாசியோடு என்னிடம் வந்தவர், "அண்ணை, பிரிக்காமல் ஒருக்கால் பாருங்கோ" என்றார். கடதாசியில் விலை இருந்தது, உதிரிப்பாகங்களின் பட்டியல் இருந்தது, ஆனால் ஒரு வெப்பநிலை அளவுகூட இருக்கவில்லை. சூடாகிவிட்டது என்று வந்த வண்டிக்குச் சூட்டை அளக்காமலேயே வைத்தியம் எழுதியிருந்தார்கள்.

நாங்கள் முதலில் எண்ணெயைப் பார்த்தோம். அந்த ட்ரக்கில் எண்ணெய் மட்டம் பார்க்கும் கோல் கிடையாது. எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் குறித்த வெப்பநிலைக்கு வந்ததும் பக்கவாட்டில் உள்ள திருகாணியைக் கழற்றி, எண்ணெய் மெதுவாகச் சொட்டுகிறதா என்று பார்க்கவேண்டும். குளிர்ந்த நிலையில் பார்த்தால் கணக்கு பிழைக்கும். அளவு சரியாக இருந்தது. புதிய எண்ணெய் செம்பரத்தம்பூ நிறத்தில் இருக்கும். இது செங்கல் நிறத்துக்கு மாறி, சற்றுக் கருகிய வாசனையோடு இருந்தது, ஆனால் கறுக்கவில்லை. அடித்தட்டை இறக்கினோம். அதற்குள் இருக்கும் காந்தத்தில் விபூதி குழைத்ததுபோல் சாம்பல் நிறப் பசை மெல்லிதாக ஒட்டியிருந்தது. இது எந்தக் கியர்பொக்ஸிலும் இருக்கும் சாதாரணத் தேய்மானம். விரலில் நெருடும் உலோகச் சீவல்களோ, கிளட்ச் தகட்டிலிருந்து உரிந்த கரிய துணுக்குகளோ கிடந்திருந்தால் என் பேச்சு வேறாக இருந்திருக்கும்.

அடுத்து, வண்டியின் கணினியை வாசிக்கும் ஸ்கானரை மாட்டினோம். கணினியில் பி 0218 என்ற குறியீடு பதிவாகியிருந்தது. கியர்பொக்ஸ் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடானது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. காய்ச்சல் இருக்கிறது என்று சொல்லும், என்ன நோய் என்று சொல்லாது. எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் இடையில் இருக்கும் டோர்க் கொன்வேர்ட்டரில், இரண்டையும் ஒன்றாகப் பிணைக்கும் பூட்டுக் கிளட்ச் பிடிக்கவில்லை என்றால் பி 0741 என்ற குறியீடு வரும், அது இருக்கவில்லை. ட்ரெயிலர் இல்லாமல் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தபோது எண்ணெய் 86 பாகை செல்சியஸில் நின்றது. பூட்டுக் கிளட்ச் பிடித்த பிறகு எஞ்சினின் சுற்றுக்கும் கியர்பொக்ஸின் உள்ளீட்டுச் சுற்றுக்கும் இடையில் வித்தியாசம் ஏறக்குறையப் பூச்சியம். உள்ளே வழுக்கல் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பிறகு அவருடைய ட்ரெயிலரையே மாட்டிக்கொண்டு 401இல் மில்ரனுக்கு மேற்கேயுள்ள ஏற்றத்துக்குப் போனோம். பாதி ஏறுவதற்குள் 121 பாகை. அடுத்த வெளிவழியில் இறங்கி, எஞ்சினை ஓடவிட்டபடியே, தொடாமல் வெப்பம் அளக்கும் கருவியால், எண்ணெயைக் காற்றால் குளிர்விக்கும் கூலருக்குப் போகும் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் அளந்தேன். போகும்போது 116, வரும்போது 111. இவ்வளவு சூட்டோடு போகும் எண்ணெய் வெறும் ஐந்து பாகை குறைந்து திரும்பினால் கூலர் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. குறைவு சிறிதாக இருந்தால், கூலருக்கு எண்ணெய் வருகிறது, ஆனால் காற்று படவில்லை. மாறாக, எண்ணெய் மிகவும் குளிர்ந்து திரும்பியும் கியர்பொக்ஸ் கொதித்தால், குழாய் நசுங்கியோ அடைத்தோ எண்ணெய் சொட்டுச் சொட்டாகத்தான் ஓடுகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பெரிய கூலர் வாங்கிப் பூட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன். குழாய் அடைத்திருக்கையில் எத்தனை பெரிய கூலர் போட்டும் பயனில்லை. உறுதிப்படுத்துவதற்காக, கராஜுக்குத் திரும்பியதும் திரும்பிவரும் குழாயைக் கழற்றிப் பாத்திரத்தில் விட்டு எண்ணெயோட்டத்தையும் அளந்தோம். முப்பது விநாடிக்குள் ஏறக்குறைய ஒரு லீற்றர் வந்தது. பம்ப் நன்றாக இருந்தது, குழாய்களும் நன்றாக இருந்தன.

ஆகவே குற்றம் காற்றுப் பாதையில். வண்டியின் முன்பக்கத்துக்குப் போய் நின்றபோது எனக்கே வெட்கமாகிவிட்டது, ஏனென்றால் அது முதல் நாளிலிருந்தே என் கண்ணெதிரில் இருந்தது. தம்முடைய சமையல் தொழிலின் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிட்ட பிளாஸ்ரிக் பலகையொன்றை அவர் முன் கிறில்லின் மேல் பிளாஸ்ரிக் பட்டிகளால் இறுக்கிக் கட்டியிருந்தார். கிறில்லின் பாதியை அது மூடியிருந்தது. கிறில்லைக் கழற்றினால், கியர்பொக்ஸ் கூலருக்கும் அதன் பின்னால் இருக்கும் குளிரூட்டியின் கண்டென்சருக்கும் இடையில் ஜூன் மாதத்தில் பறக்கும் பொப்லர் மரத்துப் பஞ்சும், செத்த பூச்சிகளும், சமையல் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிய தூசியும் சேர்ந்து கம்பளிபோல் படிந்திருந்தன.

காற்று போகாதது ஒரு காரணம். சூடு அவ்வளவு பிறந்ததற்குக் காரணம் வேறு. தானியங்கிக் கியர்பொக்ஸுக்கும் எஞ்சினுக்கும் இடையில் இருக்கும் டோர்க் கொன்வேர்ட்டர், எண்ணெயின் ஓட்டத்தாலேயே வலுவைக் கடத்துகிறது. ஒரு பக்கத்துச் சுழலி எண்ணெயை வீச, எதிர்ப்பக்கத்துச் சுழலி அந்த வீச்சால் சுற்றுகிறது. இரண்டின் வேகமும் ஒன்றாகாதவரை எண்ணெய் மத்தில் அகப்பட்ட தயிர்போல் கடைபடுகிறது. கடைபடும் வலு முழுவதும் வெப்பமாகிறது. ஏற்றத்தில் எஞ்சின் 100 கிலோவாட் கொடுத்து, அதில் பத்தில் ஒரு பங்கு கொன்வேர்ட்டரில் வீணானால், 10 கிலோவாட் வெப்பம் பிறக்கிறது. குளிர்காலத்தில் அறையில் வைக்கும் 1,500 வாட் மின்சூடாக்கிகளில் ஆறேழை ஒரு சிறிய எண்ணெய்த் தொட்டிக்குள் வைத்து எரிப்பதற்கு அது சமம். நெடுஞ்சாலையில் பூட்டுக் கிளட்ச் பிடித்துக்கொண்டால் இந்தக் கடைச்சல் நின்றுவிடும். ஆனால் பாரம் கூடும்போது கியர்பொக்ஸ் ஆறிலிருந்து ஐந்துக்கும், ஐந்திலிருந்து மறுபடி ஆறுக்கும் தாவிக்கொண்டிருக்கும். தாவும் ஒவ்வொரு முறையும் பூட்டு அவிழும்.

இதைத் தடுப்பதற்காகவே பெரும்பாலான பிக்கப் ட்ரக்குகளில் டோ-ஹோல் என்ற பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் கியர்பொக்ஸ் தாழ்ந்த கியரில் நிலைத்து நிற்கும், கொன்வேர்ட்டரைச் சீக்கிரமாகப் பூட்டும், இறக்கத்தில் எஞ்சினாலேயே வேகத்தைத் தடுக்கும். பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும் என்று எண்ணி அந்த அன்பர் வாங்கிய நாள் முதல் அதைத் தொட்டதில்லை. எஞ்சின் கூடுதல் சுற்றில் சத்தமிடுவது பலரை அச்சுறுத்துகிறது. மலையேறும்போது நிமிடத்துக்கு 3,500 சுற்றில் ஒரே கியரில் உறுமிக்கொண்டு ஏறும் ட்ரக்கைவிட, 1,800 சுற்றில் அமைதியாக முக்கிக்கொண்டு ஏறும் ட்ரக்குக்குத்தான் நான் பயப்படுவேன்.

பாரத்தின் கதை இன்னும் சுவையானது. ட்ரெயிலரின் பத்திரத்தில் வெற்று எடை 1,600 கிலோ என்று இருந்தது; அவர் அந்த எண்ணையே மனத்தில் வைத்திருந்தார். நெடுஞ்சாலையோர ட்ரக் நிலையத்தில் உள்ள தராசில் ஏற்றியபோது 2,740 கிலோ காட்டியது. அடுப்பு, இரும்புத் தட்டு, இரண்டு குளிர்சாதனப் பெட்டிகள், மின்பிறப்பாக்கி, வாயு உருளைகள், அதற்கு மேல் 300 லீற்றர் தண்ணீர். லண்டனில் தண்ணீர் கிடைக்காதா என்று கேட்டேன், சிரித்தார். இழுவைத் திறன் என்று விளம்பரத் தாளில் அச்சிடும் எண்ணும் தனியாக நிற்பதில்லை. எஸ்.ஏ.ஈ. ஜே 2807 என்ற அமெரிக்க நியமப்படி அந்த எண் சோதிக்கப்படும்போது, அரிசோனாவில் டேவிஸ் அணையருகே சுமார் 18 கிலோமீற்றர் நீளமான ஏற்றத்தில், ஏறத்தாழ 38 பாகை வெயிலில், குளிரூட்டியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு, மணிக்கு 64 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஏறிக் காட்டவேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் ட்ரக்குக்குள் சாரதியும் ஒரு பயணியும் மட்டுமே. உங்கள் ட்ரக்கில் ஐந்து பேரும் பின்தட்டு நிறையச் சாமானும் இருந்தால், அந்த எடையை இழுவைத் திறனிலிருந்து கழித்துக்கொள்ளவேண்டும். சோதனை வண்டியின் கிறில்லில் பெயர்ப்பலகையும் கட்டியிருக்கமாட்டார்கள்.

எடையைப் பற்றிப் பேசும்போது சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோ அல்லது அதற்கு மேற்பட்ட ட்ரெயிலருக்குச் சொந்தமாகத் தடைகள் (பிரேக்) இருக்கவேண்டும். கார் ஓட்டுவதற்கான சாதாரண ஜி உரிமத்தோடு இழுக்கக்கூடிய ட்ரெயிலரின் உச்ச எடை 4,600 கிலோ.

எத்தனை பாகை வரை பொறுக்கலாம் என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. 80 முதல் 95 வரை கவலைக்கு இடமில்லை. 105ஐத் தாண்டினால் கவனிக்கவேண்டும். 115ஐத் தாண்டிய பின் எண்ணெய் தன் குணத்தை இழந்து, வால்வுகளின் மேல் அரக்குப் பூச்சாகப் படியத் தொடங்கும். 125, 130 என்று போனால் உள்ளேயுள்ள ரப்பர் அடைப்பான்கள் இறுகும். அடைப்பான் இறுகினால் அமுக்கம் கசியும். அமுக்கம் கசிந்தால் கிளட்ச் வழுக்கும். வழுக்கும் கிளட்ச் மேலும் சூட்டைப் பிறப்பிக்கும். எண்பதுக்கு மேல் ஏறக்குறைய பதினொரு பாகை கூடுந்தோறும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பழைய வாய்பாடு. இன்றைய செயற்கை எண்ணெய்கள் அதைவிடத் தாக்குப்பிடிக்கும் என்றாலும், திசை அதுதான். அதே வேளையில் வீண் பயமும் வேண்டாம். புதிய ட்ரக்குகள் சிலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக, எண்ணெய் நன்றாகச் சூடாகும்வரை கூலருக்குப் போகவிடாத வால்வு ஒன்றை உற்பத்தியாளரே வைத்திருக்கிறார். அவற்றில் 95 பாகை என்பது அன்றாட நிலை. சென்சர் எங்கே இருக்கிறது என்பதையும் அறிந்திருக்கவேண்டும். கொன்வேர்ட்டரிலிருந்து வெளிவரும் எண்ணெய் அடித்தட்டில் இருக்கும் எண்ணெயைவிட வெகுவாகச் சூடாக இருக்கும். ஆகவே ஒருவர் ட்ரக் காட்டும் வெப்பநிலையை இன்னொருவர் ட்ரக் காட்டும் வெப்பநிலையோடு ஒப்பிட்டுக் கலங்கவேண்டியதில்லை.

நெடுஞ்சாலை ஏற்றந்தான் மோசம் என்று பலர் நினைக்கிறார்கள். கொட்டேஜ் என்னும் விடுமுறை வீட்டின் சரிவான மண்பாதையில் ட்ரெயிலரைப் பின்னோக்கி மேலே ஏற்றுவது அதைவிட மோசம். பின்னோக்கிய கியரில் பொதுவாகக் கொன்வேர்ட்டர் பூட்டிக்கொள்வதே இல்லை. சில்லுகள் அங்குலம் அங்குலமாக நகர, எஞ்சினின் வலுவில் பெரும்பங்கு எண்ணெயைக் கடைவதற்கே போகிறது. முன்னாலிருந்து காற்றும் வருவதில்லை. ஐந்தே நிமிடத்தில் சூடு முப்பது பாகை ஏறியதை நானே பார்த்திருக்கிறேன். நான்கு சில்லு ட்ரக்காக இருந்தால், மண்ணிலோ சரளையிலோ நேராகப் பின்னேற்றும்போது நான்கு சில்லின் தாழ்நிலைக் கியரைப் பயன்படுத்துங்கள். கொன்வேர்ட்டர் படும் பாடு வெகுவாகக் குறையும். தார்ச்சாலையில் வளைத்துத் திருப்பும்போது அதைப் பயன்படுத்தக்கூடாது, வேறு பாகங்கள் முறுகும். வெள்ளிக்கிழமை மாலை 400ஆம் நெடுஞ்சாலையில் பாரி நோக்கி ஊர்ந்து செல்லும் நெரிசலும் இதே வகைத் துன்பந்தான்: நின்று நின்று புறப்படும் ஒவ்வொரு தடவையும் கொன்வேர்ட்டர் பூட்டில்லாமல் உழைக்கிறது. வியாழன் இரவோ சனி விடியலிலோ புறப்பட முடிந்தால் அது கூலர் வாங்குவதைவிட மலிவான வைத்தியம்.

வழியில் விளக்கு எரிந்துவிட்டால் என்ன செய்வது? பாதுகாப்பான இடத்தில் ஒதுக்குங்கள், ஆனால் எஞ்சினை உடனே நிறுத்திவிடாதீர்கள். எஞ்சின் நின்றால் பம்ப் நிற்கும், பம்ப் நின்றால் கொதிக்கும் எண்ணெய் கூலருக்குப் போகாமல் உள்ளேயே தேங்கும். கைத்தடையை இழுத்து, சில்லுகளுக்குக் கல் வைத்து, நியூட்ரலில் விட்டு, எஞ்சினைச் சுமார் 1,200 சுற்றில் ஓடவிட்டால் ஐந்து பத்து நிமிடத்தில் சூடு இறங்கும். நியூட்ரல் என்று சொல்வதற்குக் காரணம், பழைய கியர்பொக்ஸ்கள் சிலவற்றில் பார்க் நிலையில் கூலருக்கு எண்ணெய் ஓடாது. குளிரூட்டியையும் நிறுத்திவிடுங்கள், அதன் கண்டென்சர் துப்பும் வெப்பம் ரேடியேற்றருக்குள்தான் போகிறது. மீண்டும் புறப்பட்ட பின் வேகத்தைக் குறையுங்கள். உயரமான ட்ரெயிலரோடு 110இல் போகிறவர் 95க்கு இறங்கினால், காற்றைக் கிழிப்பதற்கு வேண்டிய வலு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். இந்தக் கணக்கை நம்பாமல் என்னோடு வாதாடியவர்கள் பலர். ஸ்கானரைக் கையில் கொடுத்து ஓடவிட்டதும் வாதம் முடிந்துவிடும்.

எண்ணெய் மாற்றுவது பற்றி நம்மவர்களிடையே இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. ஒன்று, அது ஆயுட்கால எண்ணெய், மாற்றவே வேண்டாம் என்பது. பாரம் இழுப்பதைக் கடும் பாவனை என்று வகைப்படுத்தி, அதற்கென்று குறுகிய இடைவெளியைக் கைநூலிலேயே எழுதியிருக்கும் உற்பத்தியாளர்கள் பலர். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. மற்றது, பழைய கியர்பொக்ஸுக்குப் புது எண்ணெய் விட்டால் செத்துவிடும் என்பது. ஏற்கெனவே கிளட்ச் உரிந்து, கரித்துகளின் பிடிமானத்திலேயே ஓடிக்கொண்டிருந்த கியர்பொக்ஸ் புது எண்ணெயில் வழுக்கக்கூடும் என்பது உண்மைதான். அது எண்ணெய் செய்த கொலை அல்ல. எந்த எண்ணெய் என்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். மேர்கொன் எல்.வி. என்ற வகை எண்ணெய் கேட்கும் கியர்பொக்ஸுக்கு ஏ.ரி.எஃப். பிளஸ் 4 என்ற வேறு வகையை விடக்கூடாது. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று எழுதிய போத்தலை இழுவை வண்டிக்கு நான் விடமாட்டேன்.

ரேடியேற்றரைச் சொல்லாமல் விடமுடியாது. பல ட்ரக்குகளில் கியர்பொக்ஸ் எண்ணெய் முதலில் ரேடியேற்றரின் தொட்டிக்குள் அமைந்த சிறு கூலர் வழியாகச் சென்றே வெளிக் கூலருக்கு வருகிறது. உள்ளேயுள்ள அந்தக் கூலர் துருப்பிடித்துக் கசிந்தால் எஞ்சின் குளிர்விக்கும் நீர் கியர்பொக்ஸுக்குள் புகும். எண்ணெய் ஸ்ட்ராபெரி பால்போல் இளஞ்சிவப்பாகத் திரளும். அந்த நீர் கிளட்ச் தகட்டின் பசையைக் கரைத்துவிடுவதால், சில நூறு கிலோமீற்றர் ஓடியிருந்தாலும் பிரித்துக் கட்டுவதைத் தவிர வேறு வழி இருக்காது. இங்கே குளிர்காலச் சாலைகளில் கொட்டும் உப்பு கூலர் குழாய்களை வெளியிலிருந்து அரிப்பதும் இதற்குச் சளைத்ததல்ல. ஏப்ரலில் வண்டியை உயர்த்திக் குழாய்களின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். துரு செதிலாக உரிந்தால் கோடைக்குமுன் மாற்றிவிடுங்கள்.

கூடுதல் கூலர் பூட்டுவதாக இருந்தால், அடுக்குத் தகட்டு வகையை வாங்கி, ரேடியேற்றருக்குப் பிறகு, எண்ணெய் திரும்பிவரும் பாதையில் பூட்டவேண்டும். ரேடியேற்றரை விலக்கிவிட்டு நேராகப் பூட்டினால் இன்னும் குளிருமே என்று கேட்பவர்களுக்கு, நாம் இருப்பது கனடாவில் என்று நினைவூட்டுவேன். சனவரியில் மறை இருபது பாகையில் எண்ணெயைச் சூடாக்கிக் கொடுப்பதும் அதே ரேடியேற்றர்தான். மிகவும் குளிர்ந்த எண்ணெய் தேன்போல் தடித்து, கியர் மாறும்போது வண்டியை உதறவைக்கும்.

சில வண்டிகளுக்குப் பிரித்துக் கட்டுவதுதான் வழி என்பதை நான் மறுக்கவில்லை. அடித்தட்டில் உலோகம் கிடந்தால், பூட்டிய பிறகும் கொன்வேர்ட்டர் நூற்றுக்கணக்கான சுற்று வழுக்கினால், வெறும் வண்டியாக ஓடும்போதே சூடேறினால், செலவைத் தள்ளிப்போடுவதில் பொருளில்லை. நான் கேட்பது, அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதைத் திருத்துநர் எழுத்தில் தரவேண்டும் என்பதே. எண்ணெயின் நிலை, பதிவான குறியீடுகள், பாரத்தோடும் பாரமில்லாமலும் ஓடியபோது கண்ட வெப்பநிலை, கூலர் குழாய்கள் இரண்டின் சூடு, எண்ணெயோட்டத்தின் அளவு ஆகியவற்றை எடுக்க அரை நாள் போதும். அந்த அரை நாளுக்குக் கூலி கேட்பது நியாயம். வாடிக்கையாளர் அதைக் கொடுக்கத் தயங்கக்கூடாது. பார்ப்பதற்குக் காசா என்று பேரம் பேசுகிற பழக்கம் நம்மிடம் இருக்கும்வரை, பார்க்காமலேயே மாற்றுகிற கராஜ்களும் இருக்கும்.

உணவு ட்ரெயிலர்காரரின் ட்ரக்குக்குக் கூலரையும் கண்டென்சரையும் கழுவினோம். வடிகட்டியோடு எண்ணெய் மாற்றினோம். உற்பத்தியாளர் பூட்டியிருந்த சிறு கூலரை எடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்று போட்டோம். கண்ணாடியோரத்தில் வைக்கும் வெப்பமானி ஒன்றையும் அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். எல்லாம் சேர்த்து, முன்பு அவரிடம் சொல்லப்பட்ட விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஓகஸ்ற் இரண்டாவது சனிக்கிழமை அதே 403இல், தண்ணீர்த் தாங்கியை வெறுமையாக வைத்துக்கொண்டு, டோ-ஹோல் பொத்தானை அழுத்திவிட்டு ஏறியிருக்கிறார். ஆங்காஸ்ரர் உச்சியைத் தாண்டியதும் பக்கத்தில் இருந்த அவருடைய மகன் எனக்கு அழைத்து, "மாமா, 101" என்றான். பெயர்ப்பலகை இப்போது ட்ரெயிலரின் பின்கதவில் இருக்கிறது.

இப்படிக்கு,
வாகனத் திருத்துநர் ஒருவர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ.